கனமில்லாத கோப்பு

கோப்பு சட்டென்று திறந்துகொண்டது. அதுதான் சரியில்லை.

அக்காவின் குரல் இருக்கும் கோப்புகள் அப்படித் திறக்கிற ரகம் இல்லை. அலுவலகத்தில் அவற்றில் ஒன்றைத் தொட்டால் லேப்டாப் முதலில் ஒரு பெருமூச்சு விடும். உள்ளே விசிறி சுற்றும். திரையில் அந்தச் சின்ன வட்டம், விடுமுறை கேட்கப் போனவனை மேலதிகாரி நிற்க வைப்பதுபோல, அவனைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கும். அப்புறம்தான் ஒலியலை மலைத்தொடர்போல விரியும். இப்போது விரலை எடுப்பதற்குள் திறந்துவிட்டது. அலையும் இல்லை, மலையும் இல்லை. வெள்ளைத் திரையின் மூலையில் மூன்று வரி எழுத்து: இது என்ன வகை, இதன் அடையாளக் குறி எது, இதன் அளவு எவ்வளவு.

மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தான். மூன்று வரி. அதற்கடுத்தது. மூன்று வரி.

“போடுங்க மாமா,” என்றாள் குருவி.

குருவி அக்காவின் மகள். ஓயாமல் கீச்சிடுகிறாள் என்று அக்கா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே, நாற்காலியில் மண்டி போட்டு, காதில் மாட்டிக்கொள்ள இயர்போனின் ஒரு முனையைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இரு கண்ணு. லேப்டாப் இப்பதான் முழிக்குது.”

“அது எப்பவோ முழிச்சாச்சு. இப்ப நீங்கதான் முழிக்கிறீங்க.”

அது உண்மை. வெளியே மத்தியானத்திலிருந்து மழை. புயலில் மின்சாரம் போய், அதன் பின்னாலேயே போன் சிக்னலும் போயிருந்தது. சாயங்காலமே அறைக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டதால் எமர்ஜென்சி விளக்கைப் போட்டிருந்தார்கள். அதன் வெள்ளை வெளிச்சத்தில் இருவருமே கொஞ்சம் நோயாளி மாதிரி தெரிந்தார்கள். அவன் ஒலித் தொகுப்பாளன். அலுவலகத்தில் அவனுக்குக் ‘காது’ என்று பெயர். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காது முகத்தில் ஒரு பகுதி. அவன் விஷயத்தில் முகம்தான் காதில் ஒரு பகுதி என்று அக்கா சொல்வாள். அந்தக் காதுக்கு, வேறு வேலை இல்லாதபோது, வீட்டில் உள்ள சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிற கெட்ட பழக்கம் இருந்தது. பைக் நிற்கிற தகரக் கொட்டகையின்மேல் மழை. சமையலறைக் குழாயிலிருந்து கழுவாத பாத்திரத்துக்குள் விழும் சொட்டு. சுவர்க் கடிகாரம், அதற்கு இரண்டாவது ‘டக்’ எப்போதும் கொஞ்சம் பலவீனம், ஒரு காலில் செருப்பு அறுந்தவன் நடப்பதுபோல. டக்... டொக். டக்... டொக்.

“மாமா!”

“ஒரு நிமிஷம்டா தங்கம்.”

என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவன் கம்பெனி கணினி விளையாட்டுகள் செய்கிறது. விளையாட்டின் படம், ஒலி, எழுத்து எல்லாமே ஒரு சர்வரில் இருக்கும். யார் எதை மாற்றினாலும் பழையதையும் புதியதையும் அது பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆனால் குரல் பதிவுகள் மாதிரி மிகப் பெரிய கோப்புகளை ஒவ்வொருவருக்கும் அள்ளிக் கொடுத்தால் கட்டுபடியாகாது. அதனால் கோப்புக்குப் பதிலாக, அதே பெயரில், ஒரு டோக்கன் கொடுக்கும். பெரிய கடைகளில் வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பார்களே, அந்த மாதிரி. பை உள்ளே இருக்கும். நம் கையில் பிளாஸ்டிக் வில்லை. சர்வரோடு தொடர்பு இருக்கிறவரை ஒரு கவலையும் இல்லை. கட்டளை கொடுத்தால் பை வந்துவிடும். தொடர்பு இல்லாத இடத்துக்குப் போகிறவன்தான், கிளம்புவதற்கு முன்னால் பையை வாங்கிக்கொண்டோமா, டோக்கனோடு வந்துவிட்டோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் வேலை பார்க்கும்போது சீக்கிரம் முடியட்டும் என்று, ‘பெரிய கோப்புகள் வேண்டாம்’ என்று ஒரு அமைப்பை அவன் எப்போதோ போட்டு வைத்திருந்தான். போட்டதை மறந்தும் வைத்திருந்தான்.

இன்று காலையில் சர்வர் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவன் மேசைக்கே வந்து கேட்டாள்.

“சார், உங்க அக்காவோட பதிவெல்லாம் எடுத்துட்டீங்களா? நீங்க எடுத்தாச்சுன்னு சொன்னாதான் நான் துடைப்பேன். அப்புறம் என் தலையை உருட்டக் கூடாது.”

“எடுத்தாச்சு மேடம். தாராளமா துடைங்க.”

“நெட் வயரைப் பிடுங்கிட்டு ஒரு தடவை திறந்து பாத்தீங்களா?”

“மேடம், அந்த விதியை எழுதி சுவத்துல ஒட்டினதே நான்தான்.”

ஒட்டினது அவன்தான். கொட்டை எழுத்தில், சிவப்பு மையில். அதைப் படித்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள்.

அக்கா குரல் கலைஞர். கடைசியாக அவன் கம்பெனியின் விளையாட்டு ஒன்றுக்குப் பேசினாள். இருட்டான ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண் அறை அறையாக வழி தேடிப் போகிற விளையாட்டு அது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவின் குரல் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வரும். அக்காதான் அந்த அம்மா. எல்லா வரியும் பேசி முடித்து, கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஒரே ஒரு வரிக்காகக் கம்பெனி வேறொரு பெண்ணை வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் பேச வைத்துவிட்டது. பழையது இனி இடத்தை அடைக்கிற குப்பை. அவன் போய்க் கெஞ்சி, “துடைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிரதி,” என்று கேட்டு வாங்கினான். வாங்கியதாக நினைத்தான்.

வேறு எங்கேயும் அவள் குரல் இல்லை. வீட்டில் யாராவது போனை நீட்டினால், “காசு குடுக்காம என் குரல் கிடைக்காதுப்பா,” என்று வாயைப் பொத்திக்கொள்வாள். தப்பித் தவறிப் பதிவான ஒன்றிரண்டும் அவள் போனோடு தண்ணீரில் போயின.

அத்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். புயல் என்றதும் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது மழைக்கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே லேப்டாப் பையைப் பார்த்தார். ஏதோ தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல.

“அதுக்குள்ளயா இருக்கா?”

“ஆமா அத்தான். போடட்டுமா?”

“வேண்டாம்டா. இப்பக் கேட்டா வண்டி ஓட்ட முடியாது. குருவிக்குப் போட்டுக் காட்டு. நான் வந்ததும் கேக்கறேன்.” கதவருகே போய்த் திரும்பி, “உனக்கு ரொம்ப...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் மழைக்குள் போய்விட்டார்.

அவர் போனபிறகு பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்தினார். பாலத்தைத் தாண்டி அலுவலகத்துக்கே போக முடிந்தாலும்தான் என்ன? கிடங்குப் பெண் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்கிறவள். இந்நேரம் துடைத்திருப்பாள்.

“மாமா, அம்மா குரல் வந்துச்சா இல்லையா?”

“வருது வருது. ரொம்ப நாளா பேசலையில்ல, தொண்டையைச் சரி பண்ணிக்கிறாங்க.”

சொன்னதும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குருவி சிரிக்கவில்லை. இயர்போன் முனையை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

“எனக்கு ஒன்னு சொல்லணும். அப்பாகிட்ட சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“அம்மா எப்படிச் சிரிப்பாங்கன்னு எனக்கு மறந்துடுச்சு.”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டு, பைகளைக் கேட்கும் கட்டளையைத் தட்டினான். அதனால் பயன் இல்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியிலேயே நாலைந்து பேர்தான். ‘சர்வரை எட்ட முடியவில்லை.’ மறுபடி தட்டினான். ‘சர்வரை எட்ட முடியவில்லை.’ பூட்டிய கடையின் ஷட்டரைத் தட்டுகிறவன்போல, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும், கை வலிக்கத் தட்டினான். யாராவது எடுத்துக் கொடுத்துவிடுங்கள். எங்கிருந்தாவது. என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி உதடு அசையச் சொன்னானா, மனசுக்குள் சொன்னானா என்று பிறகு அவனுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பதில் மாறியது.

‘கிடைத்தது.’

எங்கிருந்து என்று காட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வை-ஃபை குறியின்மேல் குறுக்குக் கோடு அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு பச்சைக் கோடு, மெதுவாக, எறும்பு சர்க்கரையை இழுப்பதுபோல, வலது பக்கம் நகர ஆரம்பித்தது. லேப்டாப் பெருமூச்சு விட்டது. விசிறி சுற்றியது. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒருவேளை பழைய பிரதி ஏதாவது லேப்டாப்பிலேயே ஒளிந்து கிடந்திருக்கும், தற்காலிகக் கோப்புறையில், அங்கே இங்கே. அவன் கேள்வி கேட்கவில்லை. பசிக்கிறவன் சமையல்காரனின் கையைப் பார்ப்பதில்லை.

முதல் கோப்பு நிறைந்தது. ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டார்கள்.

*பயப்படாதே கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்.*

அக்கா. அதே அடித்தொண்டைக் கரகரப்பு. ‘கண்ணு’வில் லேசாக வழுக்கி இறங்குகிற அந்தக் குழைவு. குருவி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். விடவில்லை. கண்கள் பெரிதாகி, பெரிதாகி, பிறகு கொட்டின.

“அம்மா,” என்றாள் மேசையைப் பார்த்து.

“இன்னொரு தடவை,” என்றாள்.

மூன்று நான்கு தடவை கேட்டார்கள். அப்புறம்தான் அவனுடைய காது, அழுதுகொண்டிருந்த மற்ற பாகங்களோடு சேராமல், தனியாக வேலை பார்க்க ஆரம்பித்தது. வரி முடிந்தபிறகு கொஞ்சம் வெற்றிடம் வரும். குரல் பதியும் ஒலிக்கூண்டின் வெறும் அமைதி. அந்த அமைதிக்குள் ஏதோ இருந்தது. மிக மெல்லியதாக. டக்... டொக். டக்... டொக்.

ஒலிக்கூண்டில் கடிகாரம் கிடையாது. அக்கா கையில் கட்டியிருந்ததைக்கூடக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னவன் அவன்தான்.

“மாமா,” என்றாள் குருவி, “நம்ம கடிகாரம் ஊமையாயிடுச்சு.”

நிமிர்ந்து பார்த்தான். நொடிமுள் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் நின்று, துள்ளி, அடுத்த கோட்டுக்கு. சத்தம் இல்லை.

“பேட்டரி தீர்ந்திருக்கும்.”

“முள்ளு ஓடுதே.”

“அது... பழக்கத்துல ஓடுது.”

ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டால் பயம் வெட்கப்பட்டுப் போய்விடும் என்று அவன் சின்ன வயதிலிருந்தே நம்பி வந்தான். அது போகாது. கொஞ்சம் தள்ளி உட்காரும், அவ்வளவுதான்.

பச்சைக் கோடு தானாகவே இரண்டாவது கோப்பை இழுக்க ஆரம்பித்திருந்தது. பெரிய கோப்பு. இழுத்து முடியும்போது அறை ஒரு மாதிரி அகலமானதுபோலத் தோன்றியது. தலைக்கு மேல் இருந்த ஏதோ ஒரு கூரையை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல. ஜன்னலைப் பார்த்தான். மழை சாய்ந்து சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அறைந்து, உடைந்து, வழிந்தது. தகரக் கொட்டகையின்மேல் துளிகள் வெள்ளையாகத் தெறிப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஆனால் ஒரு துளிக்கும் சத்தம் இல்லை.

*சுவரைத் தொட்டுக்கிட்டே வா. சுவர் உன்னை ஒன்னும் செய்யாது.*

ஒலியலையைப் பெரிதாக்கினான். அது அவன் தொழில்; ஒரு சொல்லை மயிரிழை மயிரிழையாகப் பிரித்துப் பார்ப்பது. பிரித்துப் பார்த்தான். அக்காவின் மூச்சு வரவேண்டிய இடத்தில் மூச்சு இல்லை. மழை இருந்தது. தகரத்தின்மேல் விழும் மழையைச் சன்னமாகச் சீவி, சீவியதை மூச்சின் வடிவத்துக்கு ஏதோ ஒன்று வளைத்து வைத்திருந்தது. சொற்களின் முனைகளில், நாக்கு மேல்வாயைத் தட்டுகிற இடங்களிலெல்லாம், கடிகாரம். ஒரு தையற்காரன் கிழிசல் துணிகளை ஒட்டி ஒட்டிச் சட்டை தைப்பதுபோல யாரோ இந்த வீட்டுச் சத்தங்களை வெட்டி அக்காவைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் அபாரம். தொழில் தெரிந்த கை.

டோக்கனுக்கு ஈடாகப் பை வருகிறது. பை எங்கிருந்தோ வர வேண்டுமே.

நிறுத்துவதற்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். விரல்களை அவற்றின்மேல் வைத்தான்.

அடுத்த கோப்பின் பெயர் திரையில் வந்தது. அந்த வரி அவனுக்கு மனப்பாடம். விளையாட்டில் சின்னப் பெண் முதல் பூட்டைத் திறந்ததும் அம்மா சொல்வது. *அட, கெட்டிக்காரி!* அதன் பின்னால் ஒரு சிரிப்பு. எழுதிக் கொடுத்ததில் சிரிப்பு இல்லை. அக்கா அன்றைக்கு அவளாகச் சிரித்தது, நன்றாயிருக்கிறதே என்று விட்டுவைத்தான்.

விரல்கள் விசைகளின்மேல் இருந்தன. எதிரே குருவி இயர்போனைக் காதோடு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் காத்திருந்தாள்.

இந்த ஒன்று மட்டும். அப்புறம் நிறுத்திவிடலாம். குழாய்ச் சொட்டு போகும், போகட்டும். வாடகை வீட்டுக் குழாய்தானே.

விரல்களை எடுத்துவிட்டான்.

*அட, கெட்டிக்காரி!* அக்கா சிரித்தாள். மேலே ஏறி, ஒரு படி தடுக்கி, மறுபடி ஏறும் அந்தச் சிரிப்பு. குருவியும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, முன்பல் விழுந்த இடைவெளி தெரிய, தோள் குலுங்க.

சமையலறையில் சொட்டு விழுந்தது. ணங்.

குழாய் போகவில்லை.

குருவி சிரித்துக்கொண்டேயிருந்தாள். தோள் குலுங்கியது. வாய் திறந்திருந்தது. சிரிப்பு அவளிடமிருந்து வரவில்லை.

இரண்டு விசைகளையும் அழுத்தினான். கோடு நிற்கவில்லை. அழுத்தினான், அழுத்தினான், மேசை ஆடும்வரை அழுத்தினான். லேப்டாப்பை அறைந்து மூடினான்.

“ஏன் மாமா மூடினீங்க?” குரல் இருந்தது. சிரிப்பு மட்டும்தான் போயிருந்தது. பேச்சு இன்னும் இருந்தது. “அம்மா பேசிக்கிட்டே இருக்காங்களே.”

“இல்ல கண்ணு. மூடியாச்சு. அதைக் காதுலேர்ந்து எடு.”

“எடுத்தாச்சே.”

எடுத்திருந்தாள். வயர் மேசையின்மேல் கிடந்தது. அவனுக்கும் கேட்டது. மூடிய லேப்டாப்பிலிருந்து இல்லை. சமையலறைப் பக்கமிருந்து. பிறகு படுக்கையறைப் பக்கமிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம், ஒவ்வோர் அறையாக.

*யாராவது கூப்பிட்டா திரும்பிப் பாக்காதே.*

“மாமா,” குருவி தலையைச் சாய்த்துக் கவனித்தாள். அவளுக்கும் அவனுடைய காது. “அம்மா என்கிட்ட பேசல. உங்ககிட்டயும் பேசல. வேற யார்கிட்டயோ பேசறாங்க.”

“செருப்பைப் போடு. கிளம்பு. பக்கத்து வீட்டுக்குப் போலாம்.”

அப்படித்தான் சொன்னான். தொண்டை அதிர்ந்தது, நாக்கு புரண்டது, உதடுகள் சரியாகக் கூடிப் பிரிந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னான். கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் போயிற்று. அந்தக் காற்றுக்கும் ஓசை இல்லை.

“என்ன மாமா, வாயை மட்டும் அசைச்சு விளை”

அவ்வளவுதான்.

அவள் வாய் அந்தச் சொல்லை முடித்தது. இன்னொரு சொல்லையும் தொடங்கியது. பிறகு நின்றது. கையைத் தொண்டையில் வைத்தாள்.

குழாய்ச் சொட்டு விழுந்தது. சத்தம் இல்லை.

நாற்காலி சாய்ந்து தரையில் மோதியது. சத்தம் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கமும் இப்போது யாரும் பேசவில்லை. மூடிய லேப்டாப்பின் இடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்தது. ஒரே ஒரு கோப்புதான் பாக்கி இருக்க வேண்டும். அக்கா பேசாமல் போன வரி. அதற்கு டோக்கன்கூடக் கிடையாது, வெறும் பெயர்தான். உள்ளே இருந்து எடுப்பதற்கு எதுவுமே இல்லாத பெயர்.

மேசையைச் சுற்றி ஓடினான். குருவியின் அக்குளில் கை கொடுத்து, வழக்கம்போல ‘அம்மாடியோ, என்ன கனம்’ என்று உதடு தானாக அசைய, பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினான்.

தூக்கியதில் பின்னால் சாய்ந்து விழப் போனான்.

கனம் இல்லை.

சட்டை இருந்தது. உள்ளே தோள் இருந்தது, விலா எலும்பு இருந்தது, தலைமுடியில் எண்ணெய் வாசனை இருந்தது. பெயர் சரி. அளவு சரி. கையில் மட்டும் ஒன்றுமே இல்லை. சட்டென்று திறந்துகொண்ட அந்தக் கோப்பைப்போல.

ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் சுழன்றது. ஒருமுறை. இன்னொருமுறை. மழைக் கண்ணாடி முழுவதும் சிவந்து, கறுத்து, சிவந்தது. எந்தச் சுற்றுவழியில் வந்தாரோ, ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அத்தான் இறங்கினார். தலைமேல் கையை வைத்துக்கொண்டு, தண்ணீரை மிதித்து, சத்தமில்லாத மழைக்குள் சத்தமில்லாமல் ஓடி வந்தார்.

வராதீங்க அத்தான்.

வாயை அகலத் திறந்து கத்தினான். வராதீங்க. உள்ள வராதீங்க.

அவன் கைகளுக்குள் குருவியின் முகம் அவன் பக்கம் திரும்பியது. கண்கள் குருவியுடையவைதான். அவை அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, விட்டுவிடாதே என்று கெஞ்சின. அவற்றுக்குக் கீழே வாய் திறந்தது. பல் விழுந்த இடைவெளிக்குள் இருட்டாக இருந்தது.

*நீ பேசினது போதும் தம்பி,* என்றாள் அக்கா. *தூங்கு. இனிமே நான் பேசறேன்.*

ஒவ்வொரு சொல்லின் முனையிலும் கடிகாரம் நொண்டியது. மூச்செல்லாம் மழை. அடியில், வெகு ஆழத்தில், அவன் குரலும் ஏதோ கத்திக்கொண்டிருந்தது, சொற்கள் புரியவில்லை.

எழுதிக் கொடுத்த கடைசி வரியில் ‘தம்பி’ இல்லை.

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் வந்து நின்றார். சாவிக்காகச் சட்டைப் பையில் கை விட்டார். அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு சத்தம் அவர்வரை போயிருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்தார். மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்ட, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக் கேட்டார். அக்கா போனதற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

*வந்துட்டீங்களா?* என்றது குழந்தையின் வாய். *கதவு திறந்துதான் இருக்கு.*

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று, கழுத்து ஒடிகிற மாதிரி ஆட்டினான். அத்தான் அவனைப் பார்க்கவேயில்லை. அழுதுகொண்டே சிரித்தார்.

கைப்பிடி சத்தமில்லாமல் திரும்பியது.